ஏழு மார்க்குக்கு ஆறாயிரம் ரூபாயா? அரியர் பையனுக்கு எந்த உதவி சரி?

அக்கா மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பரான ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ அவனுக்கு இரண்டாவது தடவையும் போய்விட்டது. ரிசல்ட் வந்த ராத்திரி அக்கா போன் பண்ணினாள். “டியூஷன்ல சேத்துவிடலாம்னு பாக்குறோம்டா. இந்த ஒரு பேப்பருக்கு ஆறாயிரம் கேக்குறாங்க. நீ என்ன சொல்ற?”

என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அரியர் (பாஸாகாமல் நிற்கும் பேப்பர்) விஷயத்தில் என்னைவிட அனுபவசாலி கிடையாது. நான் கல்லூரியை விட்டு வெளியே வரும்போது கையில் ஆறு கப்பு, அதாவது ஆறு அரியர் இருந்தது, அதில் மூன்று கணக்கு. கோச்சிங் கிளாஸ், டியூஷன், ஹாஸ்டல் மொட்டைமாடி என்று ஏறாத இடமில்லை. அதனால் ஆறாயிரத்துக்கு உடனே சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. “முதல்ல பேப்பர் போட்டோகாப்பிக்கு அப்ளை பண்ணச் சொல்லு” என்றேன்.

“ரீவேல்யூவேஷனுக்கா? வராதுன்னு சொல்றானே.”

ரீவேல்யூவேஷனுக்காக இல்லை. ஃபெயிலானால் ரிசல்ட் பக்கத்தில் ‘யூ’ என்று ஒரே ஓர் எழுத்துதான் இருக்கும். 44 எடுத்தவனுக்கும் அதே யூ, 4 எடுத்தவனுக்கும் அதே யூ. எங்கே விழுந்தோம் என்று தெரியாமலேயே பையன்கள் மருந்து தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். விடைத்தாளின் நகலுக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்த சில நாள்களுக்குள் செய்துவிட வேண்டும், தேதி போனால் போனதுதான். டியூஷன் பணத்தோடு ஒப்பிட்டால் அதற்குக் கட்டும் தொகை ஒன்றுமே இல்லை.

நகல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். நூற்றுக்கு 38.

இவனுக்குப் பொருந்தும் 2021 ரெகுலேஷனில் (பல்கலைக்கழக விதிகள்) தியரி பேப்பருக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, யுனிவர்சிட்டி தேர்வு 60. தேர்வை நூறுக்கு எழுதுகிறோம், அதை 60க்குச் சுருக்குகிறார்கள். பாஸாக இரண்டு நிபந்தனை: தேர்வில் மட்டும் குறைந்தது 45 சதவீதம், இரண்டும் சேர்த்து 50. இவனுக்கு இன்டர்னல் 26. எழுதிய 38, சுருக்கினால் 22.8. கூட்டினால் 48.8. தேர்வில் 45 எடுத்திருந்தால் 27 ஆகி, மொத்தம் 53 வந்திருக்கும். ஆக இவனுக்கும் பாஸுக்கும் நடுவே இருந்தது ஏழே மார்க். இதே வகுப்பில் இன்டர்னல் 15 வாங்கிய பையனுக்கு 45 போதாது, 59 வேண்டும். அவன் நிலைமை வேறு, அவனுக்கான மருந்தும் வேறு.

சரி, அந்த ஏழு எங்கே போனது? கணக்குப் பேப்பரில் பார்ட் ஏ பத்து இரண்டு மார்க் கேள்வி, பார்ட் பி யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து பதினாறு மார்க் கேள்வி. இவன் பார்ட் ஏவில் இரண்டைக் காலியாக விட்டு, மீதியில் 10 வாங்கியிருந்தான். முதல் யூனிட் 4, இரண்டாவது 11, மூன்றாவது 9, நான்காவது 4. ஐந்தாவது யூனிட்டுக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை.

முதல் யூனிட்டில் 4 என்பதுதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் எய்கன் வேல்யூ, அதாவது ஒரு மேட்ரிக்ஸுக்கே உரிய சில எண்களைக் கண்டுபிடிப்பது, அவனுக்குத் தெரியும். மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸ். முதல் வரிசை 2, -1, 1. இரண்டாவது -1, 2, -1. மூன்றாவது 1, -1, 2. எய்கன் வேல்யூவைத் தரும் கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷனில் எண்கள் 1, -6, +9, -4 என்று வர வேண்டும். பயல் ஒன்பதுக்கு முன்னால் மைனஸ் போட்டிருந்தான். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு பக்கம் வேர்வை சிந்தி எழுதியிருக்கிறான், எல்லாம் வீண்.

“கால்குலேட்டர்ல ரூட் போட்டியா?”

“போட்டேன் மாமா. 7.3 சொச்சம் வந்துச்சு. மத்த ரெண்டும் காம்ப்ளெக்ஸ்னு காட்டுச்சு.”

“அப்ப சந்தேகம் வரலையா?”

“டைம் இல்ல, அப்படியே எழுதிட்டேன்.”

அந்த மேட்ரிக்ஸ் சிம்மெட்ரிக், மூலைவிட்டத்துக்கு இரு பக்கமும் அதே எண்கள். சிம்மெட்ரிக் மேட்ரிக்ஸுக்கு எய்கன் வேல்யூ எப்போதும் ரியலாகத்தான் இருக்கும். இதையே பார்ட் ஏவில் இரண்டு மார்க் கேள்வியாகக் கேட்பார்கள். அதோடு, எய்கன் வேல்யூக்களைக் கூட்டினால் மூலைவிட்டத்தின் கூட்டுத்தொகை (ட்ரேஸ்) வர வேண்டும், பெருக்கினால் டிடெர்மினன்ட் (அணிக்கோவை) வர வேண்டும். சரியான விடை 1, 1, 4. கூட்டினால் 6, பெருக்கினால் 4. சரிபார்க்கப் பத்து விநாடி ஆகும். அந்தப் பத்து விநாடிக்குத்தான் ஆறாயிரம் கேட்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் மிகைதான், ஒத்துக்கொள்கிறேன். ஐந்தாவது யூனிட்டைப் பத்து விநாடியில் சரிசெய்ய முடியாது.

அது ஏன் காலி என்று கேட்டால், செமஸ்டர் கடைசியில் நாலே நாளில் ஓட்டிவிட்டார்களாம். அதில் இரண்டு நாள் இவன் லீவு. இன்னொன்றும் மெதுவாக வெளியே வந்தது. இவன் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவன். 2021 சட்டத்தின்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கிய 7.5 சதவீதத்தில் சீட் கிடைத்தது, கல்விக் கட்டணம் அரசே கட்டுகிறது. பள்ளியில் அணிக்கோவையும் தொகையிடலும் (இன்டக்ரேஷன்) நன்றாகவே போட்டவன். ‘சேஞ்ச் தி ஆர்டர் ஆஃப் இன்டக்ரேஷன்’ என்று கேள்வித்தாளில் பார்த்ததும் என்ன கேட்கிறார்கள் என்றே பிடிபடவில்லை. படம் வரைந்து, இந்தப் பக்கமிருந்து வெட்டியதை அந்தப் பக்கமிருந்து வெட்டு என்று சொன்னதும், “இவ்வளவுதானா மாமா” என்றான்.

ஆக அவன் குறை மூன்று: கவனக்குறைவு, விட்டுப்போன ஒரு யூனிட், மொழி. இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிடைக்கிற உதவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

கல்லூரி கோச்சிங் கிளாஸ். காசு கிடையாது. சாயங்காலம் நாலரைக்கு மேல். இவன் டே ஸ்காலர், கல்லூரி பஸ் நாலே முக்காலுக்குக் கிளம்பிவிடும். அதை விட்டால் இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர எட்டரை ஆகிறது. ஹாஸ்டல் பையன்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அதைவிடப் பெரிய குறை, எல்லாருக்கும் சேர்த்து நடத்துவதால் எப்போதும் முதல் யூனிட்டிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். என் காலத்திலும் அப்படித்தான். எய்கன் வேல்யூவை நான் நாலு கோச்சிங் கிளாஸில் நாலு தடவை கேட்டிருக்கிறேன், ஐந்தாவது யூனிட்டான மல்டிபிள் இன்டக்ரலை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் மதிப்பீட்டில், மெதுவாகக் கற்பவர்களுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த ஃபைலுக்காகவே வருகைப் பதிவோடு ஓடும் கிளாஸ்களும் இருக்கின்றன. உண்மையிலேயே அக்கறையாக நடத்தும் ஸ்டாஃபும் இருக்கிறார்கள். எந்த வகை என்பது இரண்டு நாள் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அடிப்படையே தெரியாதவனுக்கு இது நல்ல வழி. இவனுக்கு வேண்டியது ஐந்தாவது யூனிட், அது அங்கே வந்துசேருவதற்குள் தேர்வு வந்துவிடும்.

மென்ட்டர் என்று ஒருவர் இருப்பார். இருபது பையனுக்கு ஒருவர் என்ற கணக்கில் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். இவனுடைய மென்ட்டர் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட், கணக்குச் சொல்லித்தர மாட்டார். ஆனால் அட்டென்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகிறது, தேர்வுக் கட்டணம் கட்ட முடியவில்லை, வீட்டில் பிரச்சினை என்றால் போய் நிற்க வேண்டிய ஆள் அவர்தான். படிப்பில் சறுக்கியதற்குக் காரணம் படிப்பே இல்லை, தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அது வேறு விஷயம். அதற்கு டியூஷனும் கோச்சிங்கும் உதவாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், 104லும் பேசலாம். இவனிடம் சும்மா கேட்டுவைத்தேன். “அதெல்லாம் இல்ல மாமா, எனக்குத் தூக்கம்தான் ஜாஸ்தி” என்றான்.

அப்புறம் டியூஷன். நானும் அவனும் நேரிலேயே போய்ப் பார்த்தோம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே முதல் மாடி. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, சுவரில் ‘பாஸ் கேரண்டி’. நடத்துகிறவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தேர்வுக்கு ஆறு வாரம் முன்னால் பேட்ச் ஆரம்பம், வாரம் மூன்று நாள் கிளாஸ், சனிக்கிழமை டெஸ்ட், வரவில்லை என்றால் வீட்டுக்குப் போன். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் உண்மையில் காசு. தானாக உட்காராத பையனை உட்காரவைப்பது சின்ன வேலை இல்லை, அதை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் இவர்கள் கொடுக்கும் ‘இம்பார்ட்டன்ட்’ பட்டியலில்தான் எனக்குப் பழைய காயம். என் மூன்றாவது கணக்கு அரியருக்கு இப்படி ஒரு இடத்தில் சேர்ந்தேன். மூன்று யூனிட் போதும், இந்தப் பன்னிரண்டு கேள்விக்குள்தான் வரும் என்றார்கள். நம்பி மற்ற இரண்டையும் தொடவே இல்லை. வந்தது நாலு கேள்வி, அதிலும் ஒன்றில் எண்ணை மாற்றிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனால், “அடுத்த பேட்ச்ல ஃப்ரீயா உக்காருங்க தம்பி” என்றார்கள். கேரண்டி என்பதற்கு அதுதான் அர்த்தமாம்.

டியூஷன் யாருக்குச் சரி என்றால், படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டு அரியரோடு நிற்பவர்களுக்கு. அவர்களுக்குக் கல்லூரி வாசல் பாதி மூடிவிட்டது, கேட்க ஸ்டாஃபும் இல்லை, நண்பர்களும் ஊரில் இல்லை. வரிசையாக மூன்று நாலு கணக்குப் பேப்பர் வைத்திருப்பவர்களுக்கும், மேலே சொன்ன இன்டர்னல் 15 பையனுக்கும்கூடச் சரி. ஏழு மார்க்குக்காக நிற்கிறவனுக்கு இல்லை. இவனுக்கு மாதாமாதம் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் வரும் பணம் ஆயிரம் ரூபாய். ரீசார்ஜும் ஜெராக்ஸும் சமோசாவும் அதில்தான். ஆறாயிரம் என்பது அவனுக்கு ஆறு மாதம்.

ஆன்லைன் பக்கம் போனால் கிடைப்பது ஏராளம். என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்புகள் 2003இல் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து தொடங்கியது. இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தின் வழியாக யாரும் இலவசமாகச் சேரலாம், சான்றிதழ் வேண்டுமென்றால் கட்டணம் கட்டி மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். சில பாடங்களின் உரை தமிழிலும் இருக்கிறது. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது பாடத்தை ஆழமாகக் கற்க, நம் யூனிட் வரிசையில் வராது, பதினாறு மார்க் விடையை எப்படி எழுதுவது என்றும் சொல்லாது. அரியரைத் தூக்க என்பிடெலில் சேர்வது, தாகத்துக்குக் கிணறு வெட்டுவது போல. நான் முதல்வன் திட்டத்தையும் அக்கா கேட்டாள். 2022இல் வந்த அது வேலைக்கான திறன் பயிற்சிக்கு, இந்த வேலைக்கு இல்லை.

யூடியூப் மொழிப் பிரச்சினைக்கு நல்ல மருந்து. அண்ணா பல்கலைக்கழகக் கணக்கைத் தமிழிலேயே யூனிட் வாரியாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மல்டிபிள் இன்டக்ரலுக்கு இரண்டு வீடியோ பார்த்ததும் இவன் முகம் தெளிந்தது. நான் போட்ட ஒரே நிபந்தனை, கணக்கை எழுதிக்கொண்டு வீடியோவை நிறுத்து, நீ போடு, அப்புறம் ஓடவிடு. வெறுமனே பார்த்தால் எல்லாக் கணக்கும் புரிந்த மாதிரியே இருக்கும். ஏஐக்கும் இதே கதைதான். போட்டோ எடுத்துப் போட்டால் படிப்படியாகச் சொல்லிவிடும், தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்கும். எங்கே புரியவில்லையோ அந்த ஒரு படியைக் கேட்க அது உபயோகம். முழுக்கணக்கையும் அதைப் போடவிட்டால் பழகுவது அதன் கை, இவன் கை இல்லை.

கம்பைன் ஸ்டடி பற்றி ஒரு எச்சரிக்கை. அரியர் வைத்திருக்கும் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால், ஒருவன் தப்பை இன்னொருவன் மனப்பாடம் செய்வான். நாங்கள் மொட்டைமாடியில் அதைத்தான் செய்தோம். பேப்பரை முடித்த ஒருவன் நடுவில் இருந்தால் கதையே வேறு. எங்களுக்கு அப்படி ஒரு சீனியர் வாய்த்தார். இரண்டு புரோட்டா, ஒரு ஆம்லெட், அதுதான் ஃபீஸ். ஒரு ராத்திரியில் சொல்லித்தந்த கேலி-ஹாமில்டன் தியரம் இன்றுவரை மறக்கவில்லை. நேற்றுவரை தனக்கும் புரியாமல் இருந்தது என்பதால், எங்கே இடறும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக, பையன்கள் கடைசியாகக்கூட நினைக்காத வழி: பாடம் நடத்திய ஸ்டாஃபை அவர் ரூமில் போய்ப் பார்ப்பது. “ஐயோ, அவர் கத்துவார் மாமா” என்றான். கத்தட்டும். இந்தக் கல்லூரிகளின் ஆசிரியர்கள்தான் யுனிவர்சிட்டி பேப்பர் திருத்தப் போகிறார்கள். எந்த ஸ்டெப்புக்கு மார்க் விழும், எந்த இடத்தில் விடை தப்பானாலும் முறைக்கு மார்க் உண்டு என்பதைச் சொல்ல அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. ஆனால் போகிற விதம் ஒன்று இருக்கிறது. “சார், மேக்ஸ் புரியல” என்று போய் நின்றால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, எங்கிருந்து ஆரம்பிப்பார் பாவம்? விடைத்தாள் நகலை எடுத்துக்கொண்டு, “சார், இந்த ரெண்டு இடத்துல மார்க் போயிருக்கு, ஐந்தாவது யூனிட்ல இந்த மாடல் மட்டும் வரல” என்று போனால் எந்த ஆசிரியரும் உட்காரச் சொல்வார்.

இவன் ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு வியாழக்கிழமை போனான். முதல் ஐந்து நிமிடம் திட்டுதான். அப்புறம் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, “ட்ரேஸ் செக் பண்ண மாட்டியாடா?” என்று சிவப்புப் பேனாவால் அந்த மைனஸை வட்டம் போட்டாராம். வியாழன்தோறும் மூன்றாவது ஹவர் ஃப்ரீ, வா என்றிருக்கிறார். கூடவே, பார்ட் ஏ பத்தையும் முதல் இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிடு, காலியாக எதையும் விடாதே என்றும் சொல்லியிருக்கிறார்.

ஆக இப்போதைக்கு ஏற்பாடு இதுதான். வியாழன் மூன்றாவது ஹவர் ஸ்டாஃப் ரூம். வீட்டில் ஐந்தாவது யூனிட்டுக்குத் தமிழ் வீடியோ, கையில் பேனாவோடு. கிளியர் பண்ணிய ஒரு ஹாஸ்டல் பையனோடு வாரம் ஒரு மதியம், புரோட்டா செலவு என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் டிவி சத்தம் என்பதால் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்க அங்கே இடமிருக்கிறது, ஏசியும் உண்டு. தூங்காமல் இருப்பது அவன் சாமர்த்தியம்.

அக்காவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆறாயிரம் கட்டியிருந்தால் ஏதோ செய்தோம் என்ற நிம்மதியாவது இருக்கும் என்கிறாள். அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். செப்டம்பர் கடைசி ஞாயிறு ஒரு பழைய கேள்வித்தாளை எடுத்து, போனை அக்காவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுசாக எழுத வேண்டும். திருத்தப்போவது நான் இல்லை, அந்த ஸ்டாஃபிடமே கேட்டிருக்கிறான். 45 வரவில்லை என்றால், நவம்பர் தேர்வுக்கு முன்னால் டியூஷன் பேட்ச் ஆரம்பிக்க அப்போதும் நேரமிருக்கும். பணத்தை நானே கட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.